ஹீட் பம்ப்பா, ஃபர்னஸா? கேள்வி எழவேண்டியது கோடையில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வீட்டைச் சூடாக்கப் புதிய ஃபர்னஸ் வாங்குவதா அல்லது ஹீட் பம்ப்புக்கு மாறுவதா என்ற கேள்வி பெரும்பாலும் தவறான பருவத்தில்தான் எழுகிறது. ஜனவரிக் குளிரில் பழைய கருவி ஓய்ந்துபோன பிறகு, குழந்தைகளும் முதியவர்களும் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் வீட்டில், அன்று மாலைக்குள் எதைக் கொண்டுவந்து பொருத்த முடியுமோ அதுவே தேர்வாகிவிடுகிறது. அப்படிப் பொருத்தப்படும் கருவி பழைய கருவியின் மறுபதிப்பாக இருப்பதும், அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அந்த வீட்டின் எரிபொருளைத் தீர்மானித்துவிடுவதும் இயல்பு. உண்மையில் இந்த முடிவுக்கு உகந்த தருணம் ஜூன், ஜூலை மாதங்களில், வீட்டின் ஏசி பழுதாகும்போதே வந்துவிடுகிறது. அதற்கான காரணம் அந்த ஏசியின் அமைப்பிலேயே இருக்கிறது.

டொரன்டோ பெருநகரப் பகுதியின் தனிவீடுகளில், ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் போன்ற இடங்கள் உட்பட, சூடாக்கும் முறை ஏறக்குறைய ஒன்றேதான். நிலவறையில் நிற்கும் ஃபர்னஸ் எனப்படும் உலைக்குள் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு எரிகிறது. அந்தச் சூட்டை வெப்பமாற்றி என்னும் உலோகச் சுவர் வாங்கிக்கொள்ள, மின்விசிறி ஒன்று வீட்டுக் காற்றை அச்சுவரின் மறுபுறமாக வீசி, தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புகிறது. எரிந்த புகை வீட்டுக் காற்றோடு கலக்காமல் வெளியேறிவிடும். பழைய உலைகள் எரிபொருளின் வெப்பத்தில் 60 முதல் 80 சதவீதத்தை மட்டுமே வீட்டுக்குக் கொடுத்தன. இன்றைய உலைகள் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து நீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் மீட்டுவிடுவதால் 95 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. இதற்கு மேல் முன்னேற இடமில்லை. எரிபொருளில் இருப்பதைவிட அதிக வெப்பத்தை எரிப்பதால் பெற முடியாது.

ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. கிணற்றின் ஆழத்திலுள்ள நீரை ஏற்றம் மேலே கொண்டுவருவதுபோல, குளிர்ந்த இடத்திலுள்ள வெப்பத்தை அது சூடான இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. உறைந்த காற்றில் வெப்பம் எங்கிருந்து வரும் என்ற ஐயம் பலருக்கும் உண்டு. இக்கருவிகளில் சுற்றிவரும் குளிர்பதன வாயு, திரவ நிலையில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மைனஸ் 51 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடக்கூடியது. எனவே மைனஸ் 15 டிகிரிக் காற்றும் அதற்குச் சூடான அடுப்புதான். வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகும் அந்த வாயுவைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. வீட்டுக்குள்ளிருக்கும் குழாய்ச்சுருளில் அது மீண்டும் திரவமாகி, சுமந்துவந்ததைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. செலவிட்ட ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வந்தது என்ற விகிதமே இதன் செயல்திறன் எண். மிதமான குளிரில் இது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கும். கடுங்குளிருக்கென வடிவமைக்கப்பட்ட நல்ல கருவியில் மைனஸ் 15 டிகிரியிலும் இரண்டை ஒட்டி நிற்கும். இந்தக் கருத்து புதிதும் அன்று. கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-இலேயே இதை முன்வைத்தார். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை, லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கும் கருவி 1938-இல் இயங்கத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு ஏசியும் செய்வது இதே வேலையைத்தான்: வீட்டுக்குள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே ஏற்றுகிறது. கம்ப்ரஸர், இரண்டு குழாய்ச்சுருள்கள், விசிறிகள், வாயு என உறுப்புகள் எல்லாம் ஒன்றே. வாயு ஓடும் திசையைத் திருப்பிவிடும் நான்குவழி வால்வும், அதையொட்டிய சில கட்டுப்பாட்டு உறுப்புகளும் சேர்ந்தால், கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் அதே பெட்டி குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும். டெல்லி போன்ற வட இந்திய நகரங்களில் குளிர், சூடு இரண்டும் தரும் ஏசி என்ற பெயரில் விற்கப்படுவதும் இதுவே. ஒன்டாரியோவின் பெரும்பாலான வீடுகளில் மைய ஏசி ஏற்கெனவே இருக்கிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், கொல்லைப்புறத்தில் பாதி ஹீட் பம்ப் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் வீட்டில்தான் ‘ஃபர்னஸா, ஹீட் பம்ப்பா’ என்று விவாதிக்கப்படுகிறது என்பது தெரியவரும். பழுதான ஏசிக்கு மாற்றாக இருவழிக் கருவியைப் பொருத்தி, இன்னும் உழைக்கக்கூடிய ஃபர்னஸைக் கடுங்குளிர் நாட்களுக்கென வைத்துக்கொள்ளும் கலப்பு முறையே அந்த மாகாணத்தின் பெரும்பாலான வீடுகளுக்கு இன்று பொருந்துவது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

குளிர் நாட்டுக்கு ஹீட் பம்ப் ஒத்துவராது என்ற வாதம் ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. கம்ப்ரஸர் முழுவேகத்தில் ஓடுவது அல்லது நின்றுவிடுவது என்ற இரண்டே நிலை கொண்டிருந்த பழைய கருவிகள் உறைநிலையை நெருங்கும்போதே தடுமாறின. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் தொழில்நுட்பம் அந்த நிலையை மாற்றிவிட்டது. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. அந்த நாட்டின் குளிரை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. டொரன்டோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் ஐந்து டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மைனஸ் 18, 20 என்று இறங்கும் இரவுகள் செய்தியாகிவிடுவதால் நினைவில் நிற்கின்றனவே தவிர, குளிர்கால மணி நேரங்களில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. மைனஸ் 16 டிகிரி ஜனவரிச் சராசரியாகவே இருக்கும் வின்னிபெக்கின் கதை வேறு. அங்கே துணைக்கருவி இல்லாத ஹீட் பம்ப்பை எவருக்கும் பரிந்துரைப்பது பொறுப்பாகாது.

புதிதாக மாறியவர்களின் புகார்களில் பெரும்பகுதி கருவியின் இயல்பு விளக்கப்படாததால் வருபவை. ஃபர்னஸிலிருந்து வரும் காற்று 50 டிகிரியை ஒட்டி இருக்கும். ஹீட் பம்ப்பின் காற்று 35 டிகிரியை ஒட்டியே இருக்கும். உடல் வெப்பத்தைவிடக் குறைவான அந்தக் காற்று கையில் படும்போது குளிர்வதுபோலத் தோன்றினாலும், இடைவிடாது மெல்ல வீசிக்கொண்டிருப்பதால் அறை வெப்பநிலை ஏற்ற இறக்கமின்றி நிற்கிறது. இரவில் தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்திவைத்துக் காலையில் சட்டென்று உயர்த்தும் பழக்கம் ஃபர்னஸுக்குச் சிக்கனம். ஹீட் பம்ப்புக்கு அது வீண் சுமை. ஈரக்குளிரில் வெளிப்பெட்டியின் சுருளில் உறைபனி படிவதும், அதை உருக்கக் கருவி சில நிமிடங்கள் திசைமாறி இயங்கும்போது ஆவி எழுவதும் வழக்கமானவை; புகை என்று அஞ்சத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் அளவில்தான் இருக்கிறது. கனடாவில் ஒரு வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிடுவதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரநிலை உண்டு. சுவர், ஜன்னல், கூரைக்கடியிலுள்ள வெப்பக் காப்பு, காற்றுக்கசிவு ஆகியவற்றை அறை அறையாக அளந்து செய்யவேண்டிய கணக்கு அது. நடைமுறையில் பல ஒப்பந்ததாரர்கள் பழைய ஃபர்னஸின் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவைப் பரிந்துரைத்துவிடுகிறார்கள். ஃபர்னஸ் தேவைக்கு இருமடங்கு பெரியதாக இருந்தாலும் அந்தப் பிழையை மறைத்துவிடும். வீடு சூடாகிவிடும், எரிவாயு சற்று வீணாகும், அவ்வளவே. ஹீட் பம்ப்பில் அந்தப் பிழை மறையாது: பெரிதாக வாங்கினால் விலையும் ஏறும், கோடையில் ஈரப்பதத்தை நீக்காமல் நின்று நின்று ஓடும்; சிறிதாக வாங்கினால் குளிரில் திணறும். வெப்பம் குறைந்த காற்றைக் கூடுதல் அளவில் அனுப்பவேண்டியிருப்பதால், ஒடுக்கமான தகரக் குழாய்கள் கொண்ட பழைய வீடுகளில் அதுவும் தடையாகலாம். கூரைக்கடியில் காப்புப் பொருளை நிரப்பிக் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்தபின் அளவெடுத்தால் தேவைப்படும் கருவி சிறுத்துவிடும் என்பதால், எந்தக் கருவியை விரும்புவோரும் முதல் செலவை அங்கேதான் செய்யவேண்டும்.

பணக் கணக்கில் ஹீட் பம்ப் ஆதரவாளர்கள் பலர் நேர்மையாக இருப்பதில்லை. ஒரு கனமீட்டர் எரிவாயு நல்ல ஃபர்னஸில் ஏறத்தாழ பத்து யூனிட் வெப்பம் தருகிறது. எளிய கணக்குக்காக, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து கனமீட்டருக்கு 30 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை மூன்று சென்ட். மின்சாரம் யூனிட்டுக்கு 14 சென்ட், பருவச் சராசரியாகக் கருவியின் செயல்திறன் எண் 2.8 என்றால் அதே வெப்பத்துக்கு ஐந்து சென்ட் ஆகிறது. செயல்திறன் எண் மூன்று என்பது அறிவியலுக்கு வெற்றிதான். ஆனால் மின்சாரத்தின் விலை எரிவாயு வெப்பத்தின் விலையைப்போல நான்கரை மடங்கு இருக்கும் இடத்தில், ஆதாயம் கிடைக்க அந்த எண் நான்கரையைத் தாண்டவேண்டும். அது நடக்கக்கூடியதன்று.

இந்த இடைவெளியை இயற்கை மட்டும் வகுக்கவில்லை. அரசியலுக்கும் அதில் பங்குண்டு. 2024 ஏப்ரலிலிருந்து கனடா கூட்டாட்சி அரசின் கரிமக் கட்டணம் எரிவாயுவின்மீது கனமீட்டருக்கு 15.25 சென்ட்டாக இருந்தது. அதைச் சேர்த்தால் மேற்படி கணக்கில் ஃபர்னஸ் தரும் வெப்பத்தின் விலை நான்கரை சென்ட்டாகி, இரு கருவிகளும் ஏறத்தாழ சமநிலைக்கு வந்திருந்தன. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி நுகர்வோர்மீதான அந்தக் கட்டணம் விலக்கப்பட்டது. குடும்பங்களுக்குத் திருப்பித் தரப்பட்டுவந்த தொகையும் அதனோடு நின்றது. வாக்காளர் மனநிலையை அறிந்த எந்தக் கட்சியும் அதைத் திரும்பக் கொண்டுவரும் வாய்ப்பு தெரியாத நிலையில், எரிவாயு இணைப்புள்ள வீட்டில் ஹீட் பம்ப் பணத்தை மிச்சப்படுத்தும் என்று பொதுப்படச் சொல்வது விற்பனைப் பேச்சு. எரிவாயுக் குழாய் எட்டாத, எண்ணெய் எரித்துவந்த நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு போன்ற அட்லான்டிக் மாகாணங்களிலும், நேரடி மின்சூடேற்றிகள் நிறைந்த கியூபெக்கிலும் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே ஹீட் பம்ப்பின் ஆதாயத்தை விளக்க எவரும் மேடையேறவேண்டிய அவசியமே இல்லை.

ஒன்டாரியோவில் கலப்பு முறைக்கு ஆதாயத்தின் வாசலைத் திறப்பது மின்கட்டணத்தில் வந்த ஒரு மாற்றம். 2023 மே மாதம் அறிமுகமான ‘மிகத் தாழ்ந்த இரவுக் கட்டணத்’ திட்டத்தில், இரவு 11 முதல் காலை 7 மணி வரை மின்சாரம் மிக மலிவு; வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 மணி வரை அதன் விலை ஏறத்தாழ பத்து மடங்கு. இரவில் பிற கட்டணங்களோடு சேர்த்து யூனிட்டுக்கு ஏழு சென்ட் ஆகிறது என்று கொண்டால்கூட, ஹீட் பம்ப் தரும் வெப்பம் எரிவாயுவைவிடச் சற்று மலிவாகிவிடுகிறது. மாலை ஐந்து மணி நேரத்தில் அதே கருவி கொள்ளை விலைக்கு ஓடும். இரு கருவிகளும் உள்ள வீட்டில், மாலையில் ஃபர்னஸ், நள்ளிரவில் ஹீட் பம்ப், வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் மீண்டும் ஃபர்னஸ் என்று தெர்மோஸ்டாட்டிலேயே வகுத்துவிட முடியும். மின்வாரியத்துக்கும் இது நல்லது: எல்லா வீடுகளும் ஒரே குளிர் மாலையில் மின்சாரத்தை உறிஞ்சும் நெருக்கடி இதனால் தவிர்க்கப்படுகிறது. 2024 ஜனவரி 13 அன்று அல்பெர்ட்டாவைக் கடுங்குளிர் வாட்டியபோது மின்பயன்பாட்டைக் குறைக்குமாறு மக்களின் கைப்பேசிகளுக்கு அவசர எச்சரிக்கை அனுப்பவேண்டியிருந்தது, பெரும்பாலான வீடுகள் எரிவாயுவில் சூடாகும் மாகாணத்திலேயே அந்த நெருக்கடி நேர்ந்தது என்பதை முழு மின்மயமாக்கலை உடனே கோருவோர் நினைவில் வைக்கலாம்.

மின்சாரம் நின்றால் ஹீட் பம்ப் நின்றுவிடும், ஃபர்னஸ் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஃபர்னஸின் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. 2013 டிசம்பர் பனிமழையில் டொரன்டோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது எரிவாயு வந்துகொண்டிருந்த வீடுகளும் குளிர்ந்தே கிடந்தன. வேறுபாடு ஒன்றுண்டு: சிறிய ஜெனரேட்டர் ஒன்றால் ஃபர்னஸின் விசிறியை ஓட்டிவிடலாம், ஹீட் பம்ப்பின் கம்ப்ரஸரை ஓட்டுவது கடினம்.

சுற்றுச்சூழல் கணக்கில் மட்டும் ஐயத்துக்கு அதிக இடமில்லை. ஒரு கனமீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒன்டாரியோ 2014-இல் நிலக்கரி மின்னுற்பத்தியை முற்றாகக் கைவிட்டது. அதன் மின்சாரத்தில் பாதியளவு புரூஸ், டார்லிங்டன், பிக்கரிங் அணுமின் நிலையங்களிலிருந்தும், கால்பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. வாதத்துக்காக, மின்சாரம் முழுவதும் எரிவாயு மின்நிலையத்திலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், திறன்மிக்க நிலையமும் மூன்றை ஒட்டிய செயல்திறன் எண்ணும் இருந்தால், அந்த வாயுவை வீட்டு உலையில் எரிப்பதைவிட மாசு குறைவாகவே இருக்கும். குளிர்பதன வாயு கசிவது மட்டுமே இதில் கவனிக்கவேண்டிய ஓட்டை. நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த ஆர்-410ஏ, கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 2,088 மடங்கு புவியைச் சூடேற்றவல்லது. அமெரிக்க விதிகளின்படி 2025 தொடக்கத்திலிருந்து புதிய வீட்டுக் கருவிகள் 700 மடங்கைத் தாண்டாத வாயுக்களுக்கு மாறிவருகின்றன. அதே தொழிற்சாலைகளிலிருந்து கருவிகள் பெறும் கனடாவிலும் இம்மாற்றம் வந்துகொண்டிருக்கிறது.

கலப்பு முறைக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்றுண்டு. ஃபர்னஸ் இருக்கும்வரை எரிவாயு இணைப்பும் இருக்கும். எரிக்காத மாதத்திலும் இருபது டாலருக்கு மேற்பட்ட நிலைக்கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். புதைகுழாய் வலையமைப்பும் நிலைத்துவிடும். பழைய வீடுகளைப் பொறுத்தவரை இது பொறுத்துக்கொள்ளக்கூடிய விலை. ஃபர்னஸின் ஆயுள் முடியும்போது அந்த வீட்டின் ஹீட் பம்ப் எப்படி உழைத்தது என்ற பல ஆண்டு அனுபவம் கையில் இருக்கும், முடிவை அப்போது எடுக்கலாம். புதிய வீடுகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. எரிவாயு இணைப்புச் செலவை நாற்பது ஆண்டுகளுக்கு எல்லா வாடிக்கையாளர்மீதும் பரப்பாமல், கட்டுநர்களே முன்கூட்டிச் செலுத்தவேண்டும் என்று ஒன்டாரியோ எரிசக்தி வாரியம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மாகாண அரசு 2024-இல் சட்டமியற்றி அத்தீர்ப்பை மாற்றியது. வீட்டு விலை ஏறிவிடும் என்பது அரசு சொன்ன காரணம். கட்டுநருக்கு மலிவானது வாங்குபவருக்கு மலிவானதாக இருக்கவேண்டியதில்லை என்பதும், கருவியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் மற்றொருவர் என்பதும் அந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை.

எந்தக் கருவியானாலும் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதன் இழப்பு, எரிபொருள் கணக்குகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடக்கூடியது. வாடகை முறையில் பொருத்தப்படும் ஃபர்னஸ், ஏசி, ஹீட் பம்ப் ஆகியவற்றுக்குப் பத்தாண்டுகளில் கட்டும் தொகை அவற்றின் விலையைத் தாண்டிப் பலமடங்காகும் நேர்வுகள் ஒன்டாரியோவில் ஏராளம். அழையாமல் வீடு தேடிவந்து இக்கருவிகளை விற்பது 2018 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வாடகைக் கருவியின் பேரில் வீட்டுப் பத்திரத்திலேயே உரிமைப் பதிவு செய்துவைத்து, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்கும் வழக்கத்தையும் 2024 ஜூனில் வந்த சட்டம் ஒழித்தது. ஆங்கிலத்தில் நீளும் ஒப்பந்தங்களை மொழிபெயர்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்களே இதில் அதிகம் சிக்கினார்கள்.

அரசுகள் எங்கே கைவைக்கவேண்டும் என்பதற்கு ஜெர்மனி எதிர்மறைப் பாடம். புதிதாகப் பொருத்தும் சூடாக்கும் கருவி 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்கவேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. சட்டம் வரும் முன்பே எழுந்த அச்சத்தில் மக்கள் எரிவாயுக் கொதிகலன்களை முந்திக்கொண்டு வாங்கினார்கள்; 2023-இல் 3,56,000 ஆக இருந்த ஹீட் பம்ப் விற்பனை அடுத்த ஆண்டில் 1,93,000 ஆகச் சரிந்தது. குளிர்காலத்தில் உயிர்காக்கும் கருவியைத் தொட்டால் மக்கள் மிரளுகிறார்கள். ஏசியைத் தொட்டால் அந்த மிரட்சி எழ வாய்ப்பில்லை: இனி விற்கப்படும் மைய ஏசிகள் அனைத்தும் இருவழிக் கருவிகளாகவே இருக்கவேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு விதித்தால், எவருடைய ஃபர்னஸும் பறிபோவதில்லை, கூடுதல் விலையும் புதிய சூடாக்கும் அமைப்பு ஒன்றை முழுதாகப் பொருத்தும் செலவுக்கு அருகில்கூட வராது. தொழிற்சாலைகள் ஒரே வகையைப் பேரளவில் செய்யத் தொடங்கும்போது அந்த வேறுபாடும் தேய்ந்துவிடும்.

ஏசியே தேவைப்படாத இடமாகக் கருதப்பட்டுவந்த பிரிட்டிஷ் கொலம்பியாவில், 2021 ஜூன் இறுதியில் அடித்த வெப்ப அலையில் 619 பேர் உயிரிழந்ததாக அம்மாகாண மரண விசாரணை அலுவலகம் கண்டறிந்தது. ஏறக்குறைய அனைவரும் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள். அதன்பின் கனடா முழுவதும் குளிரூட்டும் கருவி ஆடம்பரம் என்ற எண்ணம் மாறிவருகிறது. இதுவரை வாங்காதவர்களும் வாங்குகிறார்கள். இந்தக் கோடையில் வாயுவின் திசையைத் திருப்பும் அந்த நான்குவழி வால்வு இல்லாமல் பொருத்தப்படும் ஒவ்வொரு ஏசியும் 2040 வரையிலாவது கொல்லைப்புறத்தில் நிற்கும். ஆண்டில் ஏழு மாதங்கள் சும்மாவே நிற்கும்.